எட்டணா தவறா?

அன்புள்ள ஐயா,

பழைய சில்லறை பற்றிய உங்கள் கட்டுரையில் 1960-ஆம் ஆண்டு நாணயம் ஒன்றை ‘எட்டணா’ என்று எழுதியிருக்கிறீர்கள். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற தசம நாணயம் வந்துவிட்டது. அது 50 நயா பைசா. அதே கட்டுரையில் அமெரிக்க நாணயத்தைப் ‘பென்னி’ என்கிறீர்கள். அங்கே சட்டப்படி அது ‘சென்ட்’. நான் பல வருடமாக நாணயம் சேர்ப்பவன். துட்டு கொடுத்து வாங்கி வைத்திருக்கும் கேட்டலாக்கில் 1960-ஆம் வருடப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பேச்சில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். எழுத்தில் சரியான பெயர்தானே வர வேண்டும்?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரு இடத்தில் நீங்கள் சொல்வது சரி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் பென்னி. 1792-இல் அமெரிக்கா போட்ட நாணயச் சட்டத்தில் ஈகிள், டாலர், டைம், சென்ட் என்று வரிசையாகப் பெயர்கள் உண்டு, பென்னி கிடையாது. நாணயத்தின் மேலும் ‘ஒன் சென்ட்’ என்றுதான் இருக்கும். பென்னி என்பது பிரிட்டிஷ் காசின் பெயர். ஆட்சி போனாலும் பெயர் வாயில் தங்கிவிட்டது. அமெரிக்க நாணயச்சாலையின் இணையதளமே பென்னி என்று எழுதுகிறது. 2025 நவம்பரில் புழக்கத்துக்கான கடைசி ஒரு சென்ட்டை அங்கே அடித்தபோது உலகம் முழுக்க வந்த செய்தி ‘பென்னிக்கு விடை’ என்றுதான். அச்சடித்தவர்களே சொல்லும் பெயரை நான் எழுதினால் குற்றமா?

சரியான பெயர் நாணயத்திலேயே இருந்தும் உதவாத கதை ஒன்று உண்டு. என் மேஜையில் இரண்டு அமெரிக்க நாணயங்கள் இருக்கின்றன. பெரியதில் ‘ஃபைவ் சென்ட்ஸ்’ என்று எழுத்தில் இருக்கிறது. அதைவிடச் சிறியதில், சுமார் 18 மில்லிமீட்டர்தான் இருக்கும், ‘ஒன் டைம்’ என்று இருக்கிறது. வருடத்தைத் தவிர இரண்டிலும் ஒரு எண் கிடையாது. முதல்முறை கையில் வாங்குகிறவன் சிறியது குறைந்த மதிப்பு என்றுதான் நினைப்பான். டைம் என்றால் பத்து சென்ட் என்பது யாராவது சொன்னால்தான் தெரியும். டைம் பட்டப்பெயர் இல்லை, சட்டத்தில் உள்ள பெயர்.

அந்த ஐந்து சென்ட்டுக்கு ஊர் வைத்த பெயர் ‘நிக்கல்’. அதில் நிக்கல் 25 சதவீதம்தான், மீதி 75 செம்பு. அதோடு, 1850-களின் கடைசியில் ஒரு சென்ட்டையும், 1865-இல் வந்த மூன்று சென்ட்டையும்கூட நிக்கல் என்றார்கள். 1866-இல்தான் இப்போதைய ஐந்து சென்ட் வந்து பெயரை எடுத்துக்கொண்டது. பழைய கதையில் ‘நிக்கல் கொடுத்தான்’ என்று வந்தால் மொழிபெயர்ப்பாளர் வருடத்தைப் பார்க்க வேண்டும். பட்டப்பெயரால் வரும் நிஜமான சிக்கல் இதுதான்.

சரி, எட்டணாவுக்கு வருவோம். இதைப் பேச்சுவழக்கு என்று தள்ளிவிட முடியாது. ரூபாய்க்கு 16 அணா என்றிருந்த காலத்தில் வெள்ளி நாணயத்தில் ‘ஹாஃப் ருப்பீ’ என்று போட்டார்கள். 1919-இல் செம்பும் நிக்கலும் கலந்து அடித்தபோது ‘எய்ட் அணாஸ்’ என்றே பொறித்தார்கள். உங்கள் கேட்டலாக்கில் நாற்பது வருடம் முன்னால் தள்ளிப் பாருங்கள், எட்டணா இருக்கும். ஆக அது அரசாங்கம் வைத்த பெயர். அரசாங்கம் மறந்த பிறகும் ஜனங்கள் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

ஏன் மறக்கவில்லை என்பது எனக்குப் பிடித்த விஷயம். தசம நாணயம் வந்தபோது ஒரு அணா 6.25 நயா பைசா ஆயிற்று. இரண்டணா 12.5. அந்த மதிப்புக்குப் புது நாணயமே கிடையாது. நாலணா மட்டும் பிசிறில்லாமல் 25, எட்டணா 50. அதனால் ஓரணாவும் இரண்டணாவும் வாயிலிருந்து உதிர்ந்தன, நாலணாவும் எட்டணாவும் நின்றன. ‘நயா’ என்ற சொல்லே 1964 ஜூனில் எடுக்கப்பட்டுவிட்டது. 2011 ஜூன் மாதத்தோடு 25 பைசாவும் செல்லாக்காசு ஆனது. நாலணா என்ற சொல் மட்டும் நாணயமே இல்லாமல் உயிரோடு இருக்கிறது.

இதற்கு நேர்மாறான வேடிக்கை ஓட்டைக் காலணா. 1943-இலிருந்து சில வருடங்கள் நடுவில் துளை போட்டு ஒரு செப்புக்காசு வந்தது. அதற்கு முன்பு வந்த காசில் ‘ஒன் குவார்ட்டர் அணா’ என்று இருந்தது. ஓட்டைக் காசில் இருந்தது ‘1 பைஸ்’. மதிப்பு ஒன்றுதான், அணாவில் கால். ஜனங்கள் நாணயத்தில் இருந்ததைப் படிக்கவில்லை, கையில் விரலால் தடவிய ஓட்டையையும் தெரிந்த கணக்கையும் சேர்த்து ஓட்டைக் காலணா என்றார்கள். ‘ஒரு பைஸ்’ என்று எழுதினால் நீங்கள் ஒருவர்தான் புரிந்துகொள்வீர்கள். மன்னிக்கவும், உங்களைப் போன்ற சேகரிப்பாளர்கள் எல்லோரும்.

பட்டப்பெயரே பெரிய உத்தியோகத்துக்குப் போவதும் உண்டு. சிங்கப்பூர் தமிழர்களுக்கு டாலர் என்றால் வெள்ளி. அங்கே தமிழ்ச் செய்தியிலும் வெள்ளிதான், நாணயத்தில் வெள்ளி இல்லாவிட்டாலும். மலேசியாவின் ரிங்கிட் என்ற சொல்லுக்கு மலாயில் ரம்பப்பல் போன்ற விளிம்பு என்று பொருள். ஸ்பானிய வெள்ளிக்காசின் விளிம்பைப் பார்த்து வந்த பெயர் இன்று ஒரு நாட்டின் பணம். கனடாவில் 1987-இல் வந்த ஒரு டாலர் நாணயத்தில் லூன் என்ற நீர்ப்பறவை இருந்தது. ஜனங்கள் லூனி என்றார்கள். பிறகு நாணயச்சாலையே அந்தப் பெயரின் உரிமையை வாங்கி வைத்துக்கொண்டது. நம் ‘பணம்’ மட்டும் என்ன? அது ஒரு காலத்தில் ஒரு குறிப்பிட்ட சின்ன நாணயத்தின் பெயர். பிறகு எல்லாச் செல்வத்துக்கும் பெயராகிவிட்டது.

அப்புறம் ஒன்று. கேட்டலாக்கைத் துட்டு கொடுத்து வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். துட்டு என்பது டச்சுக்காரர்களின் செப்புக்காசான ‘டொய்ட்’ நம் வாயில் மாறிய வடிவம். நீங்கள் கொடுத்தது டச்சு நாணயம் இல்லை என்றே நம்புகிறேன். பேச்சில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்கிறீர்கள், ஆனால் இதை எழுத்தில்தானே எழுதினீர்கள்?

இப்போது நீங்கள் சொன்னதில் சரியான இடம். கட்டுரையின் முதல் பத்தியில் நான் நாணயத்தை விவரிக்கிறேன், வருடம் சொல்கிறேன், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று சொல்கிறேன். அங்கே எட்டணா என்று எழுதியது சோம்பேறித்தனம். 1960-ஆம் வருட நாணயத்தில் 50 என்ற எண் இருக்கிறது, நயா பைசா என்று இருக்கிறது, கூடவே ஹிந்தியில் ‘ரூபாயின் பாதி பாகம்’ என்று விளக்கமும் இருக்கிறது. பழகாதவர்களுக்காக அவர்கள் அவ்வளவு சிரமப்பட்டுப் பொறித்ததை நான் பார்த்து எழுதியிருக்க வேண்டும். அந்தப் பத்தியில் ‘50 நயா பைசா’ என்று திருத்திவிட்டேன். நான்காம் பத்தியில் கிழவி ‘எட்டணா இருந்தா குடு’ என்கிறாளே, அதில் கை வைக்கவில்லை.

அன்புடன்.