மட்டடோரைத் தெரிந்துகொள்ள எந்தப் புத்தகம்?

வணக்கம். ஸ்பெயினின் காளைச் சண்டை பற்றி ஹெமிங்வே எழுதிய ‘டெத் இன் தி ஆஃப்டர்நூன்’ பாதியில் நின்றுவிட்டது, குதிரைகள் குடல் சரிந்து சாவதைப் படிக்க முடியவில்லை, ஆனாலும் களத்தில் காளையை எதிர்த்து நின்று கொல்லும் மட்டடோர் எப்படிப்பட்ட மனிதர் என்று தெரிய வேண்டும் எனக் கேட்டிருந்தீர்கள். மூடி வைத்ததில் தவறே இல்லை. அது 1932இல் வந்தது. களத்தில் ஈட்டிக்காரர்கள் ஏறிவரும் குதிரைகளுக்கு மெத்தைக் கவசம் கட்டாயமானது 1928இல்தான். அதற்கு முந்தைய கோரத்தையும் அவர் நேரில் பார்த்தவர்.

மனிதரைத் தேடுகிறீர்கள் என்றால் மனுவேல் சாவெஸ் நோகாலெஸ் எழுதிய, மட்டடோர் ஹுவான் பெல்மோந்தேயின் வாழ்க்கைக் கதையைப் படியுங்கள். 1935இல் ஸ்பானிய மொழியில் வந்தது, ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. எழுதியவர் பத்திரிகையாளர், ஆனால் பெல்மோந்தேயே பேசுவதுபோல ‘நான்’ என்றே போகும். செவில் நகரத்து ஏழைப் பையன், இரவில் ஆற்றைக் கடந்து மேய்ச்சல் நிலத்துக்குள் திருட்டுத்தனமாகப் புகுந்து, நிலா வெளிச்சத்தில் காளைகளோடு பழகுகிறான். காளை வந்தால் விலகித்தான் ஆக வேண்டும் என்றிருந்த காலத்தில், நின்ற இடத்தில் நின்று காட்டியவர் அவர். பயத்தைப் பற்றி அவர் சொல்லும் பக்கங்களுக்காகவே இதை வாங்கலாம். போட்டியாளர் ஹோசெலிட்டோ 1920இல் காளை முட்டி இறந்த செய்தி அவரை உலுக்கும் இடமும் உண்டு.

பிறகு ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் இரங்கற்பா. 1934இல் இறந்த நண்பர், மட்டடோர் இக்னாசியோ சான்செஸ் மெஹியாசுக்காக எழுதியது. வாய்விட்டுப் படியுங்கள்.

நாவல்தான் வேண்டும் என்றால் பிளாஸ்கோ இபான்யெஸின் ‘பிளட் அண்ட் சாண்ட்’, 1908. ரத்தம் அதிலும் உண்டு, ஆனால் அவருடைய கோபமெல்லாம் ஆர்ப்பரிக்கும் கூட்டத்தின் மீதுதான். உங்களுக்கு அது ஒத்துப்போகும் என்றே நினைக்கிறேன்.