காணாமற்போன தங்கச்சியும் முகநூல் துப்பறிவாளர்களும்

உங்கள் சித்தியின் மகள் பரந்தன் சந்தியில் பஸ் ஏறியபின் வீடு வந்து சேரவில்லை, முகநூலில் ஆளாளுக்குத் துப்பறிந்து கூடப் படித்த பொடியனைக் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்கவே மனம் பதறுகிறது.

முதலில் அந்தப் பொடியனின் படத்தை நீக்கச் சொல்லுங்கள். 2013இல் அமெரிக்காவில் பொஸ்டன் மரதன் குண்டுவெடிப்பின்போது ரெடிட் என்ற இணைய மன்றத்தில் இப்படித்தான், காணாமற்போயிருந்த ஒரு மாணவனைக் குண்டு வைத்தவன் என்றார்கள். அவன் அதற்கு முன்பே இறந்துபோயிருந்தான். பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த குடும்பம் வசவையும் வாங்கியது. 2017 முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு வீதியில் இருந்த தாய்மாரைப் பார்த்த ஊர் நம்முடையது. இங்கே ஒரு தாய்க்கு ஊகத்தைச் செய்தியாகச் சொல்வது பெரிய கொடுமை.

சரி, இப்போது நேரம்தான் முக்கியம். பொலிஸில் முறைப்பாடு கொடுக்க ஒரு நாள் காத்திருக்கத் தேவையில்லை. முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தங்கச்சியின் போன் பெட்டி வீட்டில் இருந்தால் அதில் உள்ள ஐஎம்இஐ எண்ணையும், அதாவது அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்ணையும், கொடுங்கள். ஏ9 வீதிக் கடைகளின் கமராப் பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்துவிடும். ஆகவே இன்றைக்கே கடைக்காரர்களிடம் போய், அழியாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பஸ் நடத்துனரையும் விசாரியுங்கள். பொலிஸ் அசட்டை செய்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்துக்குப் போகலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

முகநூலில் ஒரே ஒரு பதிவு போதும்: படம், உடுப்பு, கடைசியாகக் கண்ட இடம், பொலிஸ் நிலைய இலக்கம். கருத்துப் பெட்டியை மூடிவிடுங்கள். யாராவது துப்புச் சொன்னால், திகதி நேரத்தோடு எழுதிப் பொலிஸிடம் மட்டும் கொடுங்கள்.