மொட்டைமாடி வெயிலில் சமையலும் நடக்குமா?

கேள்வி: வீட்டில் ஐந்து பேர். இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் ஓடுகிறது, மாதம் ஒரு சிலிண்டர் ஆகிறது. மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டுவிட்டு காஸையே நிறுத்திவிடலாம் என்கிறான் மகன். சரிவருமா? கரண்ட் போனால் சமைக்க முடியுமா? - வாசகி, விருதுநகர்.

பதில்: முதல் கேள்விக்குப் பெரும்பாலும் சரிவரும் என்பேன். இரண்டாவதற்கு முடியாது. 3 கிலோவாட் என்றால் உங்கள் ஊர் வெயிலுக்கு நாளுக்குச் சராசரியாக 12 யூனிட், இரண்டு மாதத்துக்கு 700 பக்கம் வரும். ஒரு 14.2 கிலோ சிலிண்டரின் வேலையை இண்டக்‌ஷன் அடுப்பு செய்ய சுமார் 120 யூனிட் பிடிக்கும். இரண்டு மாதத்துக்கு இரண்டு சிலிண்டர் என்றால் 240, இப்போது ஓடுகிற 640, ஆக மொத்தம் 880 யூனிட். இடிக்கிறதே என்று உடனே 5 கிலோவாட்டுக்குத் தாவ வேண்டாம், ஏனென்றால் வீட்டு மாடி சோலாருக்கான பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் மத்திய அரசு தரும் மானியம் 3 கிலோவாட்டுக்கே 78,000 ரூபாய், அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் அதே தொகைதான். முதலில் ஃபேனை மாற்றுங்கள். பழையது 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்கிற பிரஷ் இல்லாத மோட்டார் ஃபேனுக்கு 30 போதும். ஆறு ஃபேன் தினம் 12 மணி நேரம் சுற்றுகிற வீட்டில் இரண்டு மாதத்துக்கு 190 யூனிட்டுக்கு மேல் மிஞ்சும். கணக்கு நேராகிவிட்டதா?

காலை இட்லிக்கும் ராத்திரி தோசைக்கும் வெயில் ஏது என்று கேட்பீர்கள். பகலில் மிஞ்சுவது இ.பி. லைனுக்குப் போகும், இருட்டினால் அங்கிருந்து எடுத்துக்கொள்வீர்கள், கொடுத்ததையும் எடுத்ததையும் நெட் மீட்டர் கழித்துக்கொள்ளும். இப்படி லைனோடு பிணைந்திருப்பதால்தான் கரண்ட் போனால் உச்சி வெயிலிலும் சோலார் நின்றுவிடும். உங்கள் சோலார் கரண்ட் பாய்ந்து, லைனில் ஏறி வேலை பார்ப்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதே! பேட்டரியோடு, லைன் இல்லாதபோதும் சோலாரை ஓட்டும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் வாங்கினால் ஓடும், ஆனால் விலை எகிறும். வீட்டில் ஏற்கெனவே இருக்கிற யு.பி.எஸ். ஃபேனுக்கும் லைட்டுக்கும் சரி, 2,000 வாட் அடுப்பைத் தாங்காது.

அப்புறம் வயரிங். மிக்ஸி செருகுகிற 6 ஆம்பியர் பாயின்ட்டில் இண்டக்‌ஷனைச் செருகினால் பிளக் கருகும். 16 ஆம்பியர் பாயின்ட், மெயின் போர்டிலிருந்து தனி லைன், இ.பி.யில் உங்களுக்கு அனுமதித்திருக்கிற லோடைக் கூட்டுவது, இதெல்லாம் பேனல் ஏற்றுவதற்கு முன்பே முடிய வேண்டும். தென்னை நிழல் விழுகிற பக்கம் பேனல் வேண்டாம், ஒன்றில் நிழல் பட்டாலே வரிசை மொத்தமும் சுணங்கும்.

பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாவிட்டால் அது இண்டக்‌ஷனுக்கு ஆகாது. ஈயச்சொம்பு ரசம், சுட்ட அப்பளம் இரண்டுக்கும் காஸ்தான் கதி. ஒரு சிலிண்டரை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் திருப்பிக் கொடுங்கள், மகன் என்ன சொன்னாலும் சரி.