பவர் பிரஸ்ஸும் பத்து விரலும்: கேள்வி பதில்

பிரஸ் ஷாப்பில் ஃபிட்டராகச் சேர்ந்தவன் நான். இப்போது பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். மெஷின் கார்டு, அதாவது ஓடும் பாகத்தில் கை படாமல் தடுக்கும் மறைப்பு பற்றி என்ன சந்தேகமென்றாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பவர் பிரஸ்ஸைப் பற்றித்தான், அதாவது மோட்டார் விசையால் தகட்டை அடித்து வெட்டும், வளைக்கும் மெஷின். விரல் போவதும் பெரும்பாலும் அங்கேதானே.

கேள்வி (கோவை, சிறு பட்டறை உரிமையாளர்): என்னிடம் பழைய கீ கிளட்ச் பிரஸ் நான்கு இருக்கின்றன. லைட் கர்ட்டன் மாட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று ஒருவர் சொல்கிறார். மாட்டலாமா சார்?

பதில்: தயவுசெய்து வேண்டாம். கீ கிளட்ச் என்பது சுற்றும் சக்கரத்தோடு பிரஸ்ஸை ஓர் ஆப்பால் (கீ) இணைப்பது. அது ஒருமுறை பிடித்துவிட்டால் ஒரு முழுச் சுற்று முடியும்வரை விடாது. நடுவில் நிறுத்த வழியே கிடையாது. லைட் கர்ட்டன் ஓர் ஒளிக்கதிர்த் திரை, கை உள்ளே போனதை அது கண்டுபிடித்துவிடும், ஆனால் ராம் (மேலும் கீழும் போய் அடிக்கும் பாகம்) இறங்கிக்கொண்டேதான் இருக்கும். நிமிடத்துக்கு 50 ஸ்ட்ரோக் ஓடும் பிரஸ் என்றால் ஒரு சுற்றுக்கு 1.2 விநாடி, ராம் மேலிருந்து கீழே வர 0.6 விநாடி. அந்த நேரத்தில் சிக்னல் வந்து பயனில்லை.

இன்னொன்று, கீ தேய்ந்தாலோ ஸ்பிரிங் உடைந்தாலோ பெடலைத் தொடாமலேயே பிரஸ் இரண்டாவது முறை அடிக்கும். காம்பொனன்டை எடுக்கக் கை போகிற நேரம் பார்த்து அது நடக்கும். நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில் என் கண்ணெதிரே நடந்தது. அந்த ஆபரேட்டர் 11 வருட அனுபவசாலி, அன்று அவர் எந்தத் தவறும் செய்யவில்லை. இரண்டு விரல் போயிற்று. "கவனமா இருந்திருக்கணும்" என்று அறிக்கையில் எழுதினார்கள். அந்த வரியை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் பிரஸ்ஸுக்கு வேண்டியது டையை (தகட்டுக்கு வடிவம் தரும் அச்சு) சுற்றி முழுக்க மூடிய, ஸ்பேனர் இல்லாமல் கழற்ற முடியாத கார்டு. ஷீட் போக மட்டும் ஒரு பிளவு விடுங்கள். பிளவு 6 மி.மீ. வரை என்றால் பஞ்ச் (டைக்குள் இறங்கும் பாகம்) அங்கிருந்து குறைந்தது 10 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். பிளவு 10 மி.மீ. ஆகிவிட்டால் அந்தத் தூரம் 80 மி.மீ. ஆகிறது, ஏனென்றால் விரல் அவ்வளவு தூரம் நுழையும். தனித்தனித் துண்டாகப் போடும் வேலைக்கு ஒரு சறுக்குத் தட்டு, காம்பொனன்ட் வெளியே விழக் காற்றடிப்பு. பெரிய செலவு இல்லை. பெடலுக்கு மேல் ஒரு தகரக் கூடும் போடுங்கள், கீழே விழும் பொருள் பட்டுப் பெடல் அழுந்தாது.

கேள்வி (ஸ்ரீபெரும்புதூர், மெயின்டனன்ஸ்): எங்களுடையது நியூமேட்டிக் கிளட்ச். லைட் கர்ட்டன் டையிலிருந்து 15 செ.மீ. தூரத்தில் இருக்கிறது. சரிதானா?

பதில்: கிளட்ச் சரி, காற்றழுத்தத்தில் இயங்கும் அதை நடுவிலேயே நிறுத்த முடியும். தூரம்தான் சந்தேகம். கை விநாடிக்கு 2,000 மி.மீ. வேகத்தில் பாயும் என்று வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள். கர்ட்டனில் கை பட்டதிலிருந்து ராம் முழுக்க நிற்கும்வரை 0.2 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கை 400 மி.மீ. போய்விடும். விரலையே கண்டுபிடிக்கும் 14 மி.மீ. வகைக் கர்ட்டனுக்கே இந்தத் தூரம். கதிர்களின் இடைவெளி பெரிதானால் இன்னும் தள்ள வேண்டும். 15 செ.மீ. போதுமென்றால் உங்கள் பிரஸ் 0.075 விநாடியில் நிற்க வேண்டும்.

நிற்கும் நேரத்தை அளந்து பாருங்கள். பிரேக் லைனிங் தேயத் தேய அது கூடும், ஆகவே ஒருமுறை அளந்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

கேள்வி (ஓசூர், ஆபரேட்டர்): அண்ணா, எங்கள் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் பட்டன் அழுத்த வேண்டும். எல்லோரும் ஒரு பட்டனில் குச்சி செருகிவிட்டு ஒரு கையால்தான் ஓட்டுகிறார்கள். நான் செருகாவிட்டால் உற்பத்திக் கணக்குக் குறைகிறது. சூப்பர்வைசரும் கண்டுகொள்வதில்லை.

பதில்: தங்கச்சி, குச்சியைச் செருகாதே. இதில் உன் தப்போ கூட வேலை பார்ப்பவர்கள் தப்போ எதுவும் இல்லை. குச்சி செருகினால் ஓடுகிற பிரஸ்தான் தப்பு. ஒழுங்கான கன்ட்ரோல் என்றால் இரண்டு பட்டனையும் அரை விநாடிக்குள் சேர்த்து அழுத்த வேண்டும், ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்குப் பிறகும் இரண்டையும் விட்டால்தான் அடுத்தது அடிக்கும். இது ஒரு ரிலே மாற்றும் வேலை. மெயின்டனன்ஸிடம் இப்படியே சொல்லிக் கேள்.

குச்சி செருகினால்தான் எட்டும் கணக்கு என்றால் அதைப் போட்டவர்தான் திருத்த வேண்டும். பாதுகாப்புக் குழு இருந்தால் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள், தனியாகப் போகாதே. கேட்கவில்லையென்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளரிடம் சொல்லலாம். பாதுகாப்புக் குறையை ஆய்வாளரிடம் முறையிடும் உரிமையை 1987ஆம் ஆண்டுத் திருத்தமே தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதிச் சேர்த்தது.

கேள்வி: டிரில் ஓட்டும்போது கையுறை போடலாமா?

பதில்: கூடாது. சுற்றும் டிரில் கையுறையைப் பிடித்தால் கையையும் சேர்த்துச் சுருட்டிவிடும். சீவலைப் பிரஷ்ஷால் தள்ளுங்கள். தளர்ந்த சட்டைக் கை, துப்பட்டா, பின்னல், மோதிரம் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான்.

கேள்வி (அம்பத்தூர், ஃபிட்டர்): மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்துவிட்டுத்தான் டை மாற்றுகிறோம். அது போதாதா அண்ணே?

பதில்: போதாது தம்பி. நீ ஆஃப் செய்ததை இன்னொருவர் ஆன் செய்ய முடியுமா என்று பார். முடியுமென்றால் பூட்டு வேண்டும். ஆளுக்கொரு பூட்டு, சாவி அவரவர் பையில். மூன்று பேர் வேலை பார்த்தால் மூன்று பூட்டு. அப்புறம் மோட்டார் நின்றாலும் ஃப்ளைவீல் (மோட்டார் சுழற்றும் கனச் சக்கரம்) சுற்றிக்கொண்டிருக்கும், அது முழுக்க நிற்கட்டும். காற்றழுத்தத்தை வெளியேற்று. ராமுக்கும் போல்ஸ்டருக்கும் (டை உட்காரும் தட்டு) நடுவே தாங்குகட்டை வைத்த பிறகு கையை விடு. பூட்டியதும், கையை விடும் முன்பே, ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்தி, ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய மெஷினில் கியர் திறந்தே இருக்கிறது. விற்றவருக்குப் பொறுப்பு இல்லையா?

பதில்: உண்டு. தொழிற்சாலையில் ஓடப்போகும் மெஷினைப் பல்சக்கரம் மூடாமல் விற்பதையே 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு குற்றமாக்கியது. ஆனால் ஓட்டுவது நீங்கள். அவரைத் தேடிப் போகும் முன் மூடி போடுங்கள்.

கேள்வி (திருப்பூர்): இவ்வளவுக்கும் மீறி விரல் துண்டாகிவிட்டால் உடனே என்ன செய்வது?

பதில்: காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வையுங்கள். துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படவே கூடாது, சதை கெட்டுவிடும். தண்ணீரில் ஊறவும் விடாதீர்கள். டையில் சிக்கி நசுங்கியதாக இருந்தாலும் எடுத்துப் போங்கள், ஒட்டுமா ஒட்டாதா என்று மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

எங்கே போவது என்பதை இன்றே முடிவு செய்துவையுங்கள். எல்லா மருத்துவமனையிலும் விரல் ஒட்டவைக்க முடியாது. சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவைசிகிச்சைப் பிரிவு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அப்படி எது என்று விசாரித்து, அதன் தொலைபேசி எண்ணைப் பிரஸ்ஸுக்கு அருகிலேயே ஒட்டிவையுங்கள்.