தேர்தலுக்குக் கொடுத்த அறுபதாயிரம்: புகார் கொடுக்கலாமா?

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். பீடி சுற்றும் பெண்கள் 12 பேர் சேர்ந்த மகளிர் குழு எங்களுடையது. 2021 உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் தெருப் பெண் ஊராட்சித் தலைவருக்கு நின்றார். நம்மில் ஒருத்தி ஜெயிக்கட்டும் என்று ஆளுக்கு 5,000 வீதம் 60,000 ரூபாய், திருப்பித் தரவேண்டும் என்று சொல்லி, செப்டம்பரில் ரொக்கமாகக் கொடுத்தோம். ஜெயித்தபின் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எல்லாம் வீட்டுக்காரர் ராஜ்ஜியம். சமுதாயக் கூடமும் வரவில்லை. போன மாதம் கேட்டதற்கு, "அக்கா, குழுப் பணம் ஞாபகம் இருக்கு" என்று வாட்ஸ்அப்பில் எழுதினார். மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: சமுதாயக் கூடத்தையும் வீட்டுக்காரரையும் விட்டுவிடுங்கள். கோர்ட்டில் நிற்கும் கேள்வி ஒன்றுதான்: வழக்குப் போடும் கெடு முடிவதற்குள் அவர் கையெழுத்தோடு எழுத்தில் ஏதாவது வாங்கினீர்களா? நாள் குறிக்காத கைமாற்றுக்குக் காலவரம்பு, கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம். கொரோனாவுக்காக 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து விலக்கியதால், உங்களுக்கு 2025 பிப்ரவரியோடு அது முடிந்தது. கெடு தாண்டி வந்த வாட்ஸ்அப் அதை எழுப்பாது.

ஒரு வழி மிச்சம் இருக்கிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25(3)படி, காலாவதியான கடனைத் தருவதாகக் கடனாளி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தம். "பாக்கி இருக்கு", "ஞாபகம் இருக்கு" என்பதெல்லாம் போதாது. "தருகிறேன்" என்ற சொல் வேண்டும். அதாவது, உங்கள் பணம் இப்போது அவர் மனம் வைப்பதில் இருக்கிறது. சண்டை பிடித்தால் அந்தக் கையெழுத்து வராது.

போலீஸ் புகாரில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். வாங்கிய கடனைத் தராதது மட்டும் மோசடி ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். புகார் வலுவாக இருக்கட்டும் என்று கோபத்தில் ஒரு வரி சேர்ப்பார்கள்: "ஓட்டுக்குக் காசு கொடுக்க எங்களிடம் வாங்கினார்." அதன் கீழே 12 பேர் கையெழுத்து. ஓட்டுக்குப் பணம் குற்றம். அதற்கென்று தெரிந்தே கொடுத்த கடனை வசூலித்துத் தர, சட்டவிரோத நோக்கத்துக்கான ஒப்பந்தம் செல்லாது என்னும் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 23 குறுக்கே நிற்கும். அதோடு குற்றத்துக்குத் துணைபோனதாக உங்களையே கேட்பார்கள். அந்தத் தேர்தலில் ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்குச் செலவு உச்சவரம்பே 34,000. 60,000 எதற்கு என்ற கேள்வி தானாக வரும். உண்மையிலேயே அதற்குத்தான் கொடுத்தீர்கள் என்றால், கேஸ் நினைப்பையே விடுங்கள்.

பணம் கொடுத்ததைக் குழுவின் தீர்மான நோட்டில் எழுதியிருந்தால், அதில் இப்போது போய் "கடனாக" என்று ஒரு சொல்லை இடையில் சொருகுவதும் வேண்டாம். மை வேறு, எழுத்தின் நெருக்கம் வேறு. பார்த்தாலே தெரியும், அது பொய் ஆவணம். "காசு தராவிட்டால் தேர்தல் ஆணையத்துக்கு எழுதுவோம்" என்று சொல்வதும் மிரட்டிப் பணம் பறித்ததாக உங்கள் மேலேயே திரும்பும்.

பெண்களுக்குப் பெண்கள் காசு சேர்த்துக் கொடுப்பதை நான் மனதார மதிக்கிறேன். இனி கொடுக்கும்போது கடனா நன்கொடையா என்பதை அன்றைக்கே எழுதி, வங்கி வழியாக வேட்பாளர் கணக்குக்கே அனுப்புங்கள்.

இப்போது சமாதானம் பேசுங்கள். வக்கீல் நோட்டீஸ் வேண்டாம். நோட்டீஸ் போனால் அவர் தன் வக்கீலிடம் போவார், "நன்கொடை, அதுவும் காலாவதி" என்று பதில் வரும். அவர் மதிக்கும் பெரியவர் ஒருவரை வைத்து, மாதம் 5,000 வீதம் 12 தவணை கேளுங்கள். மாதம் ஒருத்தி பங்கு அடையும். தாளில் "2021 செப்டம்பரில் கடனாகப் பெற்ற ரூ.60,000-ஐத் திருப்பித் தருகிறேன்" என்று இருக்கட்டும். கையெழுத்து அவருடையது வேண்டும். வீட்டுக்காரருடையது மட்டும் போதாது. குழு பதிவு செய்யப்படாததென்றால் ஊக்குநர் (குழுவை நடத்துபவர்) பெயரில் மட்டும் வாங்காதீர்கள், 12 பேர் பெயரும் வேண்டும்.

சம்மதித்தால் அதோடு நிற்காமல், அம்பாசமுத்திரத்திலோ திருநெல்வேலியிலோ சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு போட்டு, லோக் அதாலத்தில் (சமரசம் செய்து வைக்கும் மக்கள் நீதிமன்றம்) பதிவு செய்துகொள்ளுங்கள். கட்டணம் இல்லை, பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீலும் உண்டு. அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. தவணை தவறினால் புது வழக்கு இல்லாமல், அந்தத் தீர்வை அமல்படுத்தச் சொல்லி நேரே கோர்ட்டில் நிறைவேற்று மனு போடலாம், அதற்குக் கெடு 12 வருடம்.