ஜிப்சியில் பலேனோ எஞ்சின் ஏற்றும்போது மவுண்டிங்குக்கு ரப்பரா, பியூவா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: 1997 மாடல் கார்புரேட்டர் மாருதி ஜிப்சி. 1.3 லிட்டர் எஞ்சினை இறக்கிவிட்டு பழைய பலேனோவின் 1.6 லிட்டர் எஞ்சினை ஏற்றப் போகிறார். வார நாட்களில் வேலைக்குப் போய்வர, மாதத்தில் ஒன்றிரண்டு முறை மலைப் பக்கம். மவுண்டிங் பிராக்கெட் எப்படியும் புதிதாக அடிக்க வேண்டும், அதோடு பியூவும் போட்டுவிட்டால் பிறகு தொல்லை இல்லையே என்கிறார். மவுண்டிங் என்பது எஞ்சினைச் சேசிஸ் மேல் தாங்கி நிற்கிற மெத்தை. பியூ என்றால் பாலியூரித்தேன், ரப்பர் மாதிரிதான், ஆனால் அதைவிட விறைப்பு.

ரப்பர் போடுங்கள். பதில் மட்டும் போதும் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் காரணம் தெரியாமல் ரப்பர் போட்டால் அதுவும் ஆறு மாதத்தில் கிழியும். அதனால் மீதியையும் படித்துவிடுங்கள்.

என் வண்டியும் ஜிப்சிதான், செய்ததும் இதே மாற்றம்தான். முதலில் போட்டது பியூ. எங்கள் கோயம்புத்தூரில் பம்ப் கப்ளிங்குக்குப் புஷ் கடைகிற ஊரில் பியூ உருளைக்கா பஞ்சம்? கடினத்தைச் சொல்கிற ஷோர் ஏ அளவில் 90 உள்ள மஞ்சள் உருளை ஒன்றை வாங்கி, தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்தேன். அந்த அண்ணன் புஷ்ஷை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கு மேல எஞ்சின் எங்கயும் போகாதுங்க தம்பி" என்றார். அவர் சொன்னது உண்மை. எஞ்சின் எங்கேயும் போகவில்லை. மற்றதெல்லாம் போக ஆரம்பித்தது.

முதல் நாள் ஸ்டார்ட் செய்ததும் ரியர் வியூ கண்ணாடியில் பின்னால் நிற்கிற வண்டியின் நம்பரைப் படிக்க முடியவில்லை. எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. சிக்னலில் நின்றால் டேஷ்போர்டில் கிடக்கும் சில்லறை தானாக நகர்ந்து ஓரத்துக்கு வந்து காலடியில் விழும். கியர் ராடில் கை வைத்தால் முழங்கை வரை எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். இதையெல்லாம் "ரேஸ் வண்டி இப்படித்தான்" என்று பொறுத்துக்கொண்டேன். மூன்றாம் மாதம் சைலன்ஸர் பைப் பிளேஞ்ச் ஓரத்தில் விரிசல் விட்டது. வெல்டிங் வைத்தேன், பக்கத்தில் விட்டது. அப்புறம் பேட்டரி தட்டின் வெல்டு. ஏழாவது மாதம் பியூவைக் கழற்றினேன்.

கழற்றும்போதுதான் என் தப்பு ஒன்றும் தெரிந்தது. பியூ புஷ்ஷுக்கு நடுவில் இரும்புக் குழாய் ஒன்று வரும். அது புஷ்ஷைவிட ஒரு நூல் நீளமாக இருக்க வேண்டும். அப்போதுதான் போல்ட்டை முறுக்கும்போது குழாய் இறுகும், பியூ தன்பாட்டுக்கு இருக்கும். நான் கொடுத்த வரைபடத்தில் குழாயை இரண்டு மில்லிமீட்டர் குட்டையாகப் போட்டிருந்தேன். போல்ட்டை முறுக்க முறுக்க பியூ நசுங்கி, கிட்டத்தட்ட இரும்போடு இரும்பு வைத்த மாதிரி ஆகிவிட்டது. சரியான அளவில் குழாய் போட்டு மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். பாதி அதிர்வு குறைந்தது. சில்லறை மட்டும் விழுந்துகொண்டேதான் இருந்தது.

ஏன் என்பதற்குச் சின்னக் கணக்கு போதும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிப்பு. ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது, நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் நொடிக்கு சுமார் 27 தடவை, அதாவது 27 ஹெர்ட்ஸ். மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்கும் ஸ்பிரிங்கில் தொங்கும் எடைக்கல் மாதிரி சொந்தமாக ஒரு ஆட்டக் கணக்கு உண்டு. மென்மையான ரப்பரில் அது 10 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினின் உதறல் அதைவிட இரண்டரை மடங்குக்கு மேல் வேகம் என்பதால் சேசிஸுக்குப் போய்ச் சேர்வது ஆறில் ஒரு பங்குதான். இப்போது அதே இடத்தில் நான்கு மடங்கு விறைப்பான பியூ வையுங்கள். ஆட்டக் கணக்கு இரண்டு மடங்காகி 20 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். 27-க்கும் 20-க்கும் இடைவெளி போதாது. உதறல் குறைவதற்குப் பதிலாக ஏறத்தாழ 1.3 மடங்காகப் பெருகி சேசிஸுக்குள் இறங்கும். டேம்பிங்கை, அதாவது ரப்பர் ஆட்டத்தை உறிஞ்சுவதை, சேர்த்துப் பார்த்தால் எண்கள் கொஞ்சம் மாறும், கதை மாறாது.

பியூ போட்டவர்கள் எல்லாரும் ஐடிலை 1000-க்கு ஏற்றி வைப்பதன் ரகசியமும் இதுதான். 1000-இல் 33 ஹெர்ட்ஸ் வந்துவிடுவதால் பாதியளவு அடங்கும். பெட்ரோல் நம் கணக்கில்.

சரி, அதிர்வைப் பொறுத்துக்கொள்வேன், எஞ்சின் புரளாமல் இருக்கட்டும் என்பீர்கள். பியூ விற்பவர்கள் சொல்வதும் அதுதானே. அதில் நியாயமும் இருக்கிறது. எவ்வளவு நியாயம் என்று பார்க்கலாம்.

பழைய 1.3 எஞ்சினின் டார்க், அதாவது முறுக்கு விசை, சுமார் 100 நியூட்டன் மீட்டர், பலேனோ எஞ்சினுடையது சுமார் 130. முப்பது கூடுவதற்கா இத்தனை பயம் என்று தோன்றும். மவுண்டிங் தாங்குவது எஞ்சினின் டார்க்கை அல்ல. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடம்பு. அந்த உடம்பிலிருந்து வெளியே போகிற டார்க் எவ்வளவோ, அவ்வளவும் எதிர்த்திசையில் மவுண்டிங் மேல் வந்து விழும். ஜிப்சியில் ஃபர்ஸ்ட் கியர் விகிதம் சுமார் 3.65. 130-ஐ அதால் பெருக்கினால் 475. இடது வலது மவுண்டிங்குகளுக்கு நடுவே அரை மீட்டர் என்று வைத்தால், ஒரு பக்கம் கிட்டத்தட்ட 97 கிலோ எடை அமுக்குகிறது, மறுபக்கம் அதே 97 கிலோ தூக்குகிறது. கியர்பாக்ஸ் மவுண்டிங் கொஞ்சம் பங்கு எடுத்துக்கொள்ளும், ஆனாலும் சுமை சுமைதான்.

தூக்குவது இடது பக்கம். முன்னாலிருந்து பார்த்தால் கிராங்க் வலஞ்சுழியாகச் சுற்றுகிறது, பிளாக் அதற்கு எதிராகப் புரளப் பார்க்கும். அதனால் நம் ஊரில் கிளீனர் சைடு என்கிற இடது மவுண்டிங்தான் எப்போதும் முதலில் போகும். ரப்பர், அமுக்கினால் எவ்வளவும் தாங்கும். இரும்புத் தகட்டோடு ஒட்டிய இடத்தில் பிடித்து இழுத்தால்தான் பிரியும். எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் "பவுண்டேஷன் போயிருச்சு" என்று சொல்லும்போது பத்தில் எட்டு இந்தப் பிரிவுதான்.

இன்னொன்று, ஜிப்சியில் முன் பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக உட்கார்ந்திருக்கிறது, கியர்பாக்ஸிலிருந்து குட்டி ஷாஃப்ட் ஒன்றில் சக்தி போகிறது. லோ ரேஞ்ச் போட்டுப் பாறை ஏறும்போது மேலும் பெருகுகிற டார்க் டிரான்ஸ்ஃபர் கேஸின் மவுண்டிங் மேல் விழும், எஞ்சின் மவுண்டிங் மேல் அல்ல. "லோ ரேஞ்சில் டமார்னு சத்தம் வருது, எஞ்சினுக்கு பியூ போடணும்" என்று சொல்பவர்கள் முதலில் குனிந்து டிரான்ஸ்ஃபர் கேஸின் ரப்பரைப் பார்க்க வேண்டும். அங்கே கை வைத்து ஆட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு நோய் அங்கேதான்.

மவுண்டிங் பிரிந்தால் வெறும் சத்தத்தோடு போகாது. உங்களுடையது கேபிள் ஆக்சிலேட்டர். எஞ்சின் ஒரு பக்கம் எழும்பினால் கேபிள் இழுபட்டுத் த்ராட்டில் திறக்கும், திறந்தால் டார்க் கூடும், கூடினால் இன்னும் எழும்பும். அமெரிக்காவில் 1971-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 67 லட்சம் ஷெவர்லே வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதே காரணத்துக்காக. அவர்கள் மவுண்டிங்கைக்கூட மாற்றவில்லை, எஞ்சின் ஓரளவுக்கு மேல் எழும்பாமல் ஓர் இரும்புக் கம்பிக் கயிற்றை மாட்டி அனுப்பினார்கள். நம் பழைய ஜீப் பட்டறைகளில் எஞ்சினையும் சேசிஸையும் சங்கிலியால் கட்டிவைப்பதும் இதற்குத்தான்.

அந்தக் கயிற்றில்தான் உங்கள் கேள்விக்கான பதில் தொங்குகிறது. எஞ்சினைச் சும்மா நிற்கும்போது மிதக்கவிட வேண்டும், முழு ஆக்சிலேட்டரில் மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். இரண்டு வேலை. ஒரே பொருளை இரண்டுக்கும் வேலைக்கு வைத்ததுதான் நான் செய்த மடத்தனம்.

இப்போது என் வண்டியில் இருப்பது: இரண்டு பக்கமும் ஜிப்சிக்கென்று கடையில் கிடைக்கிற சாதாரண ரப்பர் மவுண்டிங், கியர்பாக்ஸுக்கும் அதே. இடது பிராக்கெட்டுக்கு மேலே சேசிஸிலிருந்து ஒரு கொம்பு மாதிரி தகடு வெல்டு செய்து, அதன் அடியில் பழைய மஞ்சள் பியூவிலிருந்து அறுத்த வட்டு ஒன்று. வட்டுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ஐந்து மில்லிமீட்டர் இடைவெளி. ஐடிலில் தொடாது, டவுனில் ஓட்டும்போதும் தொடாது. மேட்டில் ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சை விட்டால் மெத்தென்று ஒரு தட்டு தட்டி நிற்கும். ரப்பரை இழுக்கிற வேலை அந்த ஐந்து மில்லிமீட்டரோடு முடிந்துவிடுகிறது. நான்கு வருஷம் ஆகிறது. இடது ரப்பரில் நகம் நுழைகிற அளவுக்குக்கூட விரிசல் இல்லை.

பிராக்கெட்டை எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள், ரப்பர் மட்டும் ஜிப்சியுடையதாகவே இருக்கட்டும். வால்பாறையில் நின்றுபோனால் பொள்ளாச்சியில் யாராவது ஒரு கடைக்காரர் எடுத்து அனுப்புவார். லேத்தில் கடைந்த புஷ் போனால் வரைபடத்தை எடுத்துக்கொண்டு நீங்கள்தான் அலைய வேண்டும்.

பியூவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணெய்க்கு அசராது. வால்வ் கவர் கேஸ்கட் கசிந்து எஞ்சின் ஆயில் சொட்டினால் இயற்கை ரப்பர் உப்பிக் கூழாகிவிடும், பியூ கண்டுகொள்ளாது. டிராக்கில் மட்டும் ஓடுகிற வண்டிக்கு நானே பியூ போடச் சொல்வேன். ஹோண்டா சிவிக்கில் வேறு எஞ்சின் ஏற்றுகிற வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துத்தான் பலருக்கும் பியூ ஆசை வருகிறது. அங்கே எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது, முன் சக்கரத்துக்குப் போகிற மொத்த டார்க்கும், ஃபைனல் டிரைவில் பெருகியதும் சேர்ந்து, அந்த மவுண்டிங்குகள் மேலேயே விழுகிறது. எஞ்சின் முன்னும் பின்னும் ஆடினால் சக்கரம் துள்ளும். அவர்கள் கவலை வேறு, நம்முடையது வேறு.

பியூ போட்டே தீருவேன் என்றால் நான்கு விஷயம். ஷோர் ஏ 90 வேண்டாம், 70-க்குப் பக்கத்தில் தேடுங்கள். பாலியெஸ்டர் வகை பியூ ஈரமும் சூடும் சேர்ந்தால் வருஷக்கணக்கில் உதிரும், பாலியீதர் வகை ஈரத்தைத் தாங்கும், கடையில் கேட்டு வாங்குங்கள். எக்ஸாஸ்ட் மேனிபோல்டு பக்கத்து மவுண்டிங்குக்குத் தகரத்தில் சூட்டுத் தடுப்பு கட்டாயம், இது ரப்பருக்கும் பொருந்தும். எஞ்சினுக்கு பியூவும் கியர்பாக்ஸுக்கு ரப்பருமாக, அல்லது மாற்றியும், கலந்து போடாதீர்கள். விறைப்பான முனை அசையாமல் நிற்க, மற்ற முனை ஆட, நடுவில் இருக்கிற அலுமினிய பெல் ஹவுஸிங்தான் வளைவுக்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கும்.

வேலை தொடங்குவதற்கு முன்னால் ஆர்டிஓ ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்கிற மாற்றங்களைப் பற்றியது. எஞ்சின் நம்பர் ஆர்சியில் ஏறாவிட்டால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடுவார்கள்.

பிராக்கெட் அடிக்கும்போது, எஞ்சினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, கியர்பாக்ஸோடு சேர்த்து சரியான சாய்வில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆயில் சம்ப்புக்கும் முன் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆக்ஸில் முழுக்க எழும்பினாலும் இடம் இருக்க வேண்டும். வெல்டிங்கில் டேக் மட்டும், அதாவது அங்கங்கே ஒரு பொட்டு மட்டும், வையுங்கள். போல்ட்டுகளைக் கையால் திருகியதோடு விட்டு, செயினைத் தளர்த்தி, முழு எடையும் ரப்பர் மேல் இறங்கியபின் எஞ்சினைப் பிடித்து நாலு ஆட்டு ஆட்டுங்கள். போல்ட் ஓட்டைகள் தானாக நேருக்கு நேர் நிற்கின்றனவா பாருங்கள். கடப்பாரை போட்டு நெம்பித்தான் போல்ட் நுழையும் என்றால் அந்த ரப்பர் பிறக்கும்போதே முறுக்கிக்கொண்டு பிறந்தது, டேக்கை அறுத்து மறுபடியும் வையுங்கள். புது ரப்பர் முதல் மாதத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அமுங்கும். பழைய ரேடியேட்டர் ஃபேனையே வைத்திருந்தால் அதைச் சுற்றியிருக்கும் ஷ்ரவுடின் கீழ்ப் பக்கம் விரல் நுழைகிற இடைவெளி விட்டுவிட்டு, அதற்குப் பிறகு முழு வெல்டு ஓட்டுங்கள்.