கிறிஸ்துமஸ் விருந்து கடைசி நேரத்தில் ரத்தாகிவிட்டது. லண்டனில் தனியாக அந்த நாளை எப்படிக் கொண்டாடுவது?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது: படிக்க வந்த முதல் வருடம், கேம்டனில் அறை, கூட இருப்பவர்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். விருந்துக்குக் கூப்பிட்ட குடும்பத்தில் எல்லாருக்கும் காய்ச்சல். விமான டிக்கெட் விலையைப் பார்த்தால் ஊருக்குப் போவதும் நடக்காது.

நானும் ஒரு வருடம் அந்த ஊரில் இப்படி மாட்டிக்கொண்டேன். அக்கா வீட்டுக்குப் போக வேண்டிய ரயில் 24ஆம் தேதி சாயங்காலம் ரத்தானது. மறுநாள் போய்க்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. டிசம்பர் 25 அன்று லண்டனில் ட்யூப் என்கிற சுரங்க ரயில், பஸ், ரயில் எதுவும் ஓடாது. டாக்ஸியும் மினி கேபும் கிடைக்கும், ஆனால் கட்டணம் கூடுதல். பெரிய கடைகளும் திறக்காது. 280 சதுர மீட்டருக்கு மேலுள்ள கடைகள் அன்றைக்குத் திறக்கக் கூடாது என்று 2004இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். பிரிட்டிஷ் மியூசியம் போன்ற இடங்கள் 24இல் இருந்தே மூடிவிடும். புதிதாக வந்தவர்களுக்கு யாரும் இதைச் சொல்வதில்லை. நம் ஊரில் பண்டிகை நாளில்தானே தெரு நிறைந்திருக்கும்! அங்கே அப்படியே தலைகீழ்.

அதனால் சாப்பாட்டுச் சாமானை 24ஆம் தேதி மதியத்துக்குள் வாங்கி வைத்துவிடுங்கள். சூப்பர் மார்க்கெட்டுகள் அன்று சீக்கிரம் மூடிவிடும். மாத்திரை மருந்து ஏதாவது வேண்டுமென்றால் அதையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

இனி நான் முக்கியமாக நினைப்பது. ரத்தான விருந்தைச் சின்னதாக அறைக்குள்ளேயே நடத்திப் பார்க்காதீர்கள். ஒரு தட்டு, ஒரு நாற்காலி என்று உட்கார்ந்தால் வராத ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். அதற்குப் பதிலாக, குறிப்பிட்ட நேரத்தில் வேறு மனிதர்கள் கூடுகிற ஏதாவது ஓர் இடத்துக்குப் போய்விடுங்கள். நேரம் என்று ஒன்று இருந்தால் காலையில் எழுந்து குளித்து நல்ல துணி போட்டுக்கொள்ளத் தோன்றும். பாதிப் பண்டிகை அதிலேயே வந்துவிடும்.

உங்களுக்கு நான் சொல்லும் இடம் ஹைட் பார்க்கில் இருக்கும் செர்பன்டைன் ஏரி. கேம்டனிலிருந்து நடந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். கிறிஸ்துமஸ் காலை 9 மணிக்கு அங்கே நீச்சல் போட்டி, 100 கஜம். 1864இல் தொடங்கிய வழக்கம். பீட்டர் பேன் கதையை எழுதிய ஜே.எம். பாரி 1904இல் ஒரு கோப்பை கொடுத்ததால் இன்றும் பீட்டர் பேன் கோப்பை என்றே பெயர். நீந்த, போட்டியை நடத்தும் நீச்சல் சங்கத்து உறுப்பினர்களுக்குத்தான் அனுமதி. கரையில் நின்று பார்க்க யாரும் போகலாம். தலை நரைத்த தாத்தாக்கள் அந்தக் குளிர் தண்ணீரில் குதிப்பதைப் பார்த்துக் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்தியபோதுதான் எனக்கு அன்றைக்குப் பண்டிகை என்று தோன்றியது. பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி பிளாஸ்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். முன்பின் தெரியாதவர்களும் அன்று 'மெர்ரி கிறிஸ்துமஸ்' சொல்வார்கள். நீங்களும் தயங்காமல் சொல்லுங்கள்.

அங்கிருந்து கிரீன் பார்க், செயின்ட் ஜேம்ஸ் பார்க் வழியாகவே நடந்தால் ஏறக்குறைய மூன்று கிலோமீட்டரில் வெஸ்ட்மின்ஸ்டர் அபே என்ற பழைய தேவாலயம். சுற்றிப் பார்க்கத்தான் அங்கே டிக்கெட். ஆராதனைக்குக் கட்டணம் கிடையாது. நேரத்தை மட்டும் அவர்களுடைய தளத்தில் முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் கிறிஸ்தவரா என்று யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கூரைக்குக் கீழே பாடகர் குழு பாடுவதைக் கேட்க வாய்ப்பு கிடைக்கும்போது விடாதீர்கள். அப்புறம் ட்ரஃபால்கர் சதுக்கத்துக் கிறிஸ்துமஸ் மரம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக நார்வே 1947 முதல் வருடாவருடம் அனுப்புகிற மரம் அது.

மதியம் பசித்தால் சைனா டவுன் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே பல உணவகங்கள் திறந்திருக்கும். கூட்டத்தோடு உட்கார்ந்து சாப்பிட ஆசை என்றால், தனியாக இருப்பவர்களுக்கென்று சில தேவாலயங்கள் மதிய உணவு போடுகின்றன. பெயர் கொடுக்க வேண்டியிருக்கும், அதனால் உங்கள் வட்டாரத்துத் தேவாலயத்தில் இன்றைக்கே கேளுங்கள். மாணவர்கள் போகலாமா என்று கூச்சப்பட வேண்டாம்.

நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். திரும்பவும் நடந்துதான் வர வேண்டும் என்பதால் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடுங்கள். ஊருக்கு வீடியோ கால் பேச வேண்டுமென்றால் வழியிலேயே பேசிவிடுங்கள், நேர வித்தியாசத்தில் அங்கே அதற்குள் ராத்திரி ஆகியிருக்கும். வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் பிரிட்டிஷ் மன்னரின் கிறிஸ்துமஸ் உரையைக் கேட்டுப் பாருங்கள். 1932இல் வானொலியில் தொடங்கியது, மதியம் 3 மணிக்கு ஒளிபரப்பாகும், பிறகும் இணையத்தில் பார்க்கலாம். அடுத்த நாள் கூடப் படிப்பவர்களோடு பேச நல்ல விஷயம்.

விருந்துக்குக் கூப்பிட்டவர்களுக்கு இன்றைக்கே போன் செய்து, "உடம்பு சரியானதும் 28, 29 வாக்கில் நான் சமைத்து எடுத்துக்கொண்டு வரட்டுமா?" என்று கேளுங்கள். காய்ச்சலில் படுத்திருக்கும் வீட்டுக்கு அந்த வார்த்தை எவ்வளவு ஆறுதலாக இருக்கும்! அங்கே ஜனவரி 5 வரை மரத்தை எடுக்க மாட்டார்கள், எனவே அது தாமதமான விருந்தாகவும் இருக்காது.